லட்டுவை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழிக்கடை வாசலில் நிற்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? முக்கால்வாசிப் பேர் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். ஒருவர் செல்போனில் எதையோ தேடுவார். இன்னொருவர் ரோட்டில் போகிற பஸ்ஸின் நம்பரைப் படிப்பார். கோழியை எடை மெஷினில் வைக்கும்போது மட்டும் எல்லோரும் கரெக்டாகத் திரும்பி, எண்ணை உற்றுப் பார்ப்பார்கள். அப்புறம் மறுபடியும் ரோடு. பின்னால் பிளாஸ்டிக் டிரம்முக்குள் படபடவென்று ஒரு சத்தம் கேட்கும். அரை நிமிஷம்தான். அது அடங்கியதும் கடைக்காரர், "தோலோடயா, உரிச்சா?" என்பார். "உரிச்சு, சின்னப் பீஸா போடுங்க..."

கறி வேண்டும். அந்த அரை நிமிஷம் மட்டும் வேண்டாம். இந்த வாரம் அந்த அரை நிமிஷத்தைப் பற்றித்தான். (சைவ வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.)

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மொட்டை மாடியில் நாலு நாட்டுக்கோழி வளர்க்கிறார்கள். அமிர்தி பக்கத்திலிருந்து குஞ்சுகளாக வாங்கிவந்து நாலு வருஷம் ஆகிறது. அதில் ஒரு பெட்டைக்கு, அஞ்சாவது படிக்கிற பையன் 'லட்டு' என்று பேர் வைத்திருக்கிறான். லட்டு இப்போது முட்டை போடுவதை அநேகமாக நிறுத்திவிட்டது. 'அறுத்துக் குழம்பு வைத்துவிடலாம்' என்கிறார் கணவர். பையன் சாப்பிடாமல் அழுகிறான். 'ஆசையாக வளர்த்த கையாலேயே அறுப்பது பாவம் இல்லையா? அதற்குப் பதில் கடையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே?' என்று கேட்டிருக்கிறார்.

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். வளர்த்ததை அறுத்தால் பாவம். யாரோ வளர்த்து, யாரோ அறுத்ததை வாங்கினால் பாவம் இல்லை. நாம் எல்லோரும் போடுகிற கணக்கு இதுதான். இந்தக் கணக்கு சரியா?

போன மாதம் அமிர்தி பக்கம் போகிற வேலை ஒன்று வந்தது. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக 25 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது அமிர்தி. ஜவ்வாது மலையின் அடிவாரம். சின்னதாக ஒரு மிருகக்காட்சி சாலை, காட்டாறு, மழைக்காலமாக இருந்தால் ஓர் அருவி. லீவு நாளில் வேலூர்க்காரர்கள் குழந்தைகளோடு மான் பார்க்க வருவார்கள். மான் பார்க்க வந்தவர்கள் யாரும் வழியில் வீட்டு வாசல்களில் மேய்ந்துகொண்டிருக்கும் கோழிகளைப் பார்ப்பதில்லை. அதை எல்லாம் யாராவது பார்ப்பார்களா!

ஆனால் பார்க்கவேண்டிய பறவைதான். இந்த மாதிரி தென்னிந்தியக் காடுகளில் சாம்பல் காட்டுக்கோழி என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக்கோழியின் மூதாதை பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனால் கோழியின் காலிலும் தோலிலும் இருக்கும் மஞ்சள் நிறத்துக்கான ஜீன் மட்டும் நம்ம ஊர் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து போனது என்று 2008-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதாவது அமெரிக்கா வரைக்கும் சூப்பர் மார்க்கெட்டில் தொங்குகிற மஞ்சள் தோல் கோழிக்கு நம்ம காட்டில் ஒரு பாட்டி இருக்கிறாள்!

நான் பார்த்தது வேறொரு பாட்டியை. அறுபதைத் தாண்டியவர். பத்துப் பதினைந்து கோழிகள் வைத்திருக்கிறார். இந்தத் தொழிலுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பேர் 'புறக்கடைக் கோழி வளர்ப்பு'. பாட்டி வைத்திருக்கும் பேர் 'கைச்செலவு'. பேத்திக்கு ஜியோமிதி பாக்ஸ் வாங்கவேண்டுமா, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமா... ஒரு சேவல் போகும். பேங்க் மாதிரி. என்ன, இந்த பேங்கைக் கீரி தூக்கிக்கொண்டு போகலாம்.

"வருஷத்துக்கு எத்தனை முட்டை ஆயா போடும்?"

"எங்க சார், ஒரு ஈடுக்குப் பன்னெண்டு, பதினஞ்சு போடும். அப்புறம் அடைக்கு குந்திக்கும். இருபத்தோரு நாளு. குஞ்சு எறக்கினா அதுங்க பின்னாலயே சுத்தினு இருக்கும். வருஷத்துக்கு அறுபது போட்டா பெரிசு."

பன்னிரண்டு குஞ்சு இறங்கினால் பருந்து, கீரி, பூனை, நாய், மழை எல்லாம் தின்றது போகப் பாதி மிஞ்சினால் அதிர்ஷ்டம். அதற்கும் மேலே ஒரு வில்லன் இருக்கிறான்... வெள்ளைக் கழிச்சல். ராத்திரி ஒரு கோழி தலையைத் தொங்கப் போடும். ஒரு வாரத்தில் தெருவே காலி. இதற்கு ஆங்கிலத்தில் ராணிக்கெட் நோய் என்று பேர். 1927 வாக்கில் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் கண்டுபிடிக்கப்பட்டதால் அந்தப் பேர். அதற்குத் தடுப்பூசி தயாரிக்கிற கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இருப்பது இங்கே பக்கத்தில் ராணிப்பேட்டையில். 1932-லிருந்து இயங்குகிறது. ராணிக்கெட்டுக்கு மருந்து ராணிப்பேட்டையில்! பேர்ப் பொருத்தம் தற்செயல்தான்.

பாட்டி தவிட்டை இறைத்து "பா... பா... பா..." என்று கூப்பிட்டார். எங்கெங்கோ குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தவை எல்லாம் இறக்கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தன. ஒன்று அவர் பாதத்தின் மேலேயே ஏறி நின்றது.

"இதுக்கெல்லாம் பேர் உண்டா ஆயா?"

"பேர் வெச்சிட்டா அறுக்க மனசு வராது சார். அதான் எல்லாத்துக்கும் ஒரே பேரு... கோழி!"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டதில் ஒரு முழு சட்டப் புத்தகமே வெளியே வந்தது. அடையில் இருப்பதைத் தொடக் கூடாது. குஞ்சோடு திரிவதை அறுக்கக் கூடாது. அறுக்கப் போகிற கோழியை முந்தின நாள் சாயந்திரமே கூடையில் கவிழ்த்துவிட வேண்டும். தீனி கிடையாது, தண்ணீர் மட்டும் உண்டு. விடியற்காலையில், மற்றதுகள் வெளியே வருவதற்கு முன்னால், வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். துரத்திப் பிடிக்கக் கூடாது. கத்தி மழுங்கி இருக்கக் கூடாது. கடைசியாக வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் அறுக்கக் கூடாது.

இதில் பாதி விதிக்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது என்பது வேறு விஷயம். ராத்திரி முழுக்கத் தீனி இல்லாவிட்டால் தீனிப்பையும் குடலும் காலியாக இருக்கும், சுத்தம் செய்வது சுலபம். துரத்தாத கோழியின் கறி முறுக்கேறாது. ரத்தம் முழுக்க வடிந்தால்தான் கறி கெடாமல் இருக்கும். அப்புறம் வெந்நீர். ரொம்பக் கொதித்தால் தோல் வெந்து கிழியும், சூடு பத்தாவிட்டால் இறகு வராது. இறகைப் பிடுங்கி, மிச்ச ரோமத்தை நெருப்பில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, வயிற்றைத் திறக்கும்போது பித்தப்பை உடையாமல் எடுப்பதற்குத்தான் கை பழகவேண்டும். அது உடைந்தால் மொத்தக் கறியும் கசக்கும். பெட்டையாக இருந்தால் உள்ளே ஓடு கட்டாத சின்னச் சின்ன மஞ்சள் கருக்கள் கொத்தாக இருக்கும். நாளைய முட்டை, நாளன்றைய முட்டை, அதற்கு அடுத்த நாள் முட்டை... வரிசையாக. அதைப் பார்த்தால்தான் தனக்கு என்னவோ செய்யும் என்றார் பாட்டி.

"நீங்களே அறுப்பீங்களா?"

"பையன் அறுப்பான். நான் புடிச்சிக்குவேன். என் கையில இருந்தா அடிச்சிக்காது சார்."

இதைத்தான் இரண்டு மூன்று நாள் என்னால் மறக்க முடியவில்லை. என் கையில் இருந்தால் துடிக்காது. ஏன் துடிக்காது? நம்பிக்கை! நாலு வருஷம் தவிடு போட்ட கை. சத்துவாச்சாரி வாசகியை உறுத்துவது கொலை இல்லை, இதுதான். கடைக்கோழிக்கு நம்மைத் தெரியாது. அதற்கு நாம் துரோகம் செய்ய வாய்ப்பே இல்லை. லட்டுவுக்கு நம்மைத் தெரியும்.

பாட்டி தான் வளர்த்த கோழியின் கறியைத் தின்பதில்லை. "நம்ம கையால தீனி போட்டது நம்ம வாயில எறங்காது." வீட்டில் மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு ரசம் ஊற்றிக்கொள்கிறார்.

"விக்கிறீங்களே ஆயா, வாங்கிட்டுப் போறவங்க அறுக்க மாட்டாங்களா?"

"அது அவுங்க கணக்கு சார்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "இல்ல... அதுவும் எங்கணக்குதான். தெரியாதா இன்னா?"

பெரிய பெரிய ஞானிகள் மல்லுக்கட்டிய இடம் சார் இது!

புத்தர் தன் பிட்சுக்களுக்கு மாமிசத்தை முழுக்கத் தடை செய்யவில்லை. தேவதத்தன் 'தடை செய்யுங்கள்' என்று கேட்டபோதும் மறுத்துவிட்டார். மூன்று நிபந்தனைகள் வைத்தார். தனக்காகக் கொல்லப்பட்டதைக் கண்ணால் பார்த்திருக்கக் கூடாது, காதால் கேட்டிருக்கக் கூடாது, அப்படி இருக்குமோ என்ற சந்தேகமும் இருக்கக் கூடாது. பிச்சைப் பாத்திரத்தில் விழுவதைத் தின்கிற துறவிக்கு இது நியாயமான விதி. வீட்டுக்காரர்கள் தங்களுக்குச் சமைத்ததில் ஒரு பிடி போடுகிறார்கள். துறவி வந்ததால் ஒரு கோழியும் கூடுதலாகச் சாகவில்லை.

இந்த விதியை நம்ம ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருத்திப் பாருங்கள். பார்க்கவில்லை... ரோட்டைப் பார்த்தோம். கேட்கவில்லை... செல்போன். சந்தேகம்? முக்கால் கிலோ எனக்குத்தான் என்பதில் என்ன சந்தேகம்! துறவிக்காகப் போட்ட விதியின் முதல் இரண்டு ஷரத்தை மட்டும் நைஸாக உருவிக்கொண்டுவிட்டோம்.

வள்ளுவர் 'புலால் மறுத்தல்' அதிகாரத்தில் இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறார். தின்பதற்காக வாங்குகிறவன் இல்லாவிட்டால் விற்பதற்காகக் கொல்கிறவனும் இருக்க மாட்டான் என்பது அவர் வாதம். இது பவுத்தர்களுக்குச் சொன்ன பதில் என்பவர்களும் உண்டு. எப்படியோ, பொருளாதாரம் படித்தவர்கள் டிமாண்ட், சப்ளை என்று இரண்டாவது வகுப்பில் சொல்வதை அவர் ஒரே குறளில் சொல்லிவிட்டார். வாங்குகிறவன் கையிலும் கத்தி இருக்கிறது, நீளமான கத்தி.

கிரேக்கத்தில் புளூடார்க் இன்னும் முரட்டு ஆசாமி. மாமிசம் தின்பது மனிதனுக்கு இயற்கை என்கிறாயா? சரி, அப்படியானால் கத்தி, கோடாலி எதுவும் இல்லாமல் சிங்கம் மாதிரி நீயே கொன்று தின்று காட்டு என்றார். 2011-ல் ஃபேஸ்புக் முதலாளி மார்க் ஸக்கர்பெர்க் பாதி சவாலை ஏற்றுக்கொண்டார். ஒரு வருஷம் தன் கையால் கொன்றதை மட்டுமே தின்பது என்று முடிவு. முதலில் லாப்ஸ்டர், அப்புறம் கோழி, பன்றி, ஆடு. கடைசியில் என்ன ஆனது தெரியுமா? கிட்டத்தட்ட சைவமாகவே ஆகிவிட்டேன் என்று அவரே சொன்னார். அந்த அரை நிமிஷத்தின் விலை தெரிந்ததும் பசி குறைந்துவிட்டது.

அதே புளூடார்க் இன்னொன்றும் சொல்கிறார். பலி கொடுக்கும் முன் மிருகத்தின் மேல் தண்ணீர் தெளிப்பார்களாம். அது தலையை ஆட்டினால்தான் வெட்டுவார்களாம். எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? நம்ம ஊர் அம்மன் கோயிலில் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, அது உடம்பைச் சிலுப்புகிற வரைக்கும் மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமே! தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலுப்பத்தான் செய்யும். அதை 'சம்மதம்' என்று எடுத்துக்கொள்வது சுத்த ஏமாற்று என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. எங்கோ இருக்கிற கிரேக்கனும் இங்கே இருக்கிற நம்மாளும், ஒரு உயிரை எடுக்கும் முன் 'கேட்டுவிட்டு எடுக்க வேண்டும்' என்று நினைத்திருக்கிறார்கள். ஆம்பூரில் ஹலால் முறையில் அறுக்கிறவருக்கும் விதிகள் உண்டு. மிருகத்தின் கண்ணெதிரே கத்தியைத் தீட்டக் கூடாது. ஒன்றின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது. கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். கடவுள் பேரைச் சொல்ல வேண்டும். அமிர்திப் பாட்டியின் சட்டப் புத்தகத்தில் முக்கால்வாசி இதில் இருக்கிறது. அவர் யாரிடமிருந்தும் படித்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பாடாவதிச் சடங்கை எல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? அதையும் பார்த்துவிடலாம்.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 1957-ல் இருந்த கோழி ரகம், 1978-ல் இருந்த ரகம், 2005-ல் இருந்த ரகம்... மூன்றையும் ஒரே தீனி போட்டு, ஒரே மாதிரி 56 நாள் வளர்த்தார்கள். 1957 கோழி 905 கிராம். 1978 கோழி 1,808 கிராம். 2005 கோழி 4,202 கிராம்! ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்வோமே, அதெல்லாம் தேவையே இல்லை. பிறப்பே அப்படி. பசி அடங்காமல், மார்பு மட்டும் வீங்கி, சில சமயம் தன் கனத்தைத் தன் காலே தாங்காத ஒரு உயிரை இனப்பெருக்கம் செய்து செய்து உண்டாக்கியிருக்கிறோம். ஆறு வாரம் உயிர். இரண்டு கிலோ ஆனதும் லாரி. மண்ணைக் கிளறியது கிடையாது. அம்மாவைப் பார்த்தது கிடையாது. 'பா... பா...' என்று யாரும் கூப்பிட்டதும் கிடையாது.

முட்டைக்கோழி கதை வேறு. வருஷத்துக்கு முந்நூறு முட்டை. பழைய மாதிரிக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கிற இடம் சுமார் 450 சதுர சென்டிமீட்டர். உங்கள் ஆபீஸ் பிரின்டரில் போடுகிற ஏ-4 தாள் இதைவிடப் பெரிசு. அந்த இனத்தில் பிறக்கிற சேவல் குஞ்சுகள் முட்டையும் போடாது, கறிக்கும் லாயக்கில்லை. பிறந்த அன்றே கொன்றுவிடுவார்கள். நீங்கள் சாப்பிடுகிற ஆம்லெட்டின் பெட்டைக்கோழிக்கு ஒரு தம்பி இருந்தான், ஒரே ஒரு நாள். ஜெர்மனி 2022 ஜனவரியிலிருந்து இதைச் சட்டம் போட்டு நிறுத்தியது. முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று பார்த்துவிடுகிறார்கள்.

உடனே 'கூண்டை எல்லாம் உடை' என்று கோஷம் போட எனக்கு வரவில்லை. சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போட ஆரம்பித்தார்கள். 2010-லிருந்து பள்ளிக்கூடம் இருக்கிற ஐந்து நாளும் முட்டை. லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கிடைக்கிற ஒரே நல்ல புரதம் அதுதான். அத்தனை முட்டையும் அமிர்திப் பாட்டியின் கோழி போட்டுக் கட்டுப்படி ஆகாது. வருஷத்துக்கு அறுபது... அதிலும் பாதி அடைக்குப் போய்விடும். நாமக்கல் கூண்டுகள்தான் போடுகின்றன. அந்தப் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிட்டுக் கோழிக்குக் கருணை காட்டுகிற தத்துவத்தில் எனக்குச் சம்மதமில்லை. எனக்கும் உங்களுக்கும் அந்தச் சாக்கு இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நாம் ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது தடவை போட்டுக்கொள்கிற சிக்ஸ்டி ஃபைவ் எந்தப் பிள்ளையின் ஊட்டச்சத்தும் இல்லை.

பாட்டி செய்தது துரோகம் என்றே வைத்துக்கொள்வோம். துரோகம் செய்வதற்கு முதலில் ஒரு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். நம்பிக்கை வருவதற்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்க வேண்டும். வெயில், குப்பைமேடு, புழு, சண்டை, குஞ்சு, தவிடு, நாலு வருஷம்... கடைசியில் ஒரு கெட்ட விடியற்காலை. கடைக்கோழிக்கு அந்தக் கடைசி விடியற்காலை மட்டும்தான் உண்டு. அதற்குத் துரோகம் செய்யவில்லை என்று நாம் பெருமைப்படுவது, பிள்ளையே பெறாதவன் 'நான் என் பிள்ளையை ஒரு நாளும் அடித்ததில்லை' என்று சொல்வது மாதிரி.

இப்போது சைவ வாசகர்கள். காலைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். செருப்பு என்ன தோல்? வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி... இந்தப் பக்கம் பதப்படுத்திய தோல்தான் உலகத்தில் எத்தனையோ கால்களில் ஷூவாக நடக்கிறது. ஷோரூமில் அதைக் கையில் எடுத்து மோந்து பார்த்து 'ஒரிஜினல் லெதர்' என்று சந்தோஷப்படுகிறவருக்கு மாடு ஞாபகம் வருவதில்லை. பாலாறும் ஞாபகம் வருவதில்லை. தோல் கழிவால் அந்த ஆறு கெட்டுப்போன கதைக்கு 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவன்தான் பணம் கட்ட வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டத்தில் எழுதிய தீர்ப்பு அது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே கோர்ட் மறுபடியும் பேசவேண்டி வந்தது.

தோல் விஷயத்தில் ஆற்றைவிடப் பழைய அநியாயம் ஒன்று உண்டு. செத்த மாட்டைத் தூக்குவது, தோல் உரிப்பது, பதப்படுத்துவது... இதை எல்லாம் சில ஜாதிகளின் தலையில் கட்டினோம். கட்டிவிட்டு, அதைச் செய்ததற்காகவே அவர்களைத் தீட்டு என்றோம். மேளத்துக்குத் தோல் வேண்டும், மிருதங்கத்துக்குத் தோல் வேண்டும், செருப்புக்குத் தோல் வேண்டும். உரித்த கை மட்டும் ஊருக்கு வெளியே. 'நான் கொல்லவில்லை, நான் உரிக்கவில்லை' என்று சொல்கிற சுத்தம் இலவசமாக வந்ததில்லை. யாரோ ஒருத்தரைக் கீழே தள்ளித்தான் வந்திருக்கிறது. கோழிக்கடையில் நாம் முதுகைக் காட்டுகிறோமே, அதில் கோழிக்கு மட்டுமா காட்டுகிறோம்? கத்தி பிடித்தவருக்கும் சேர்த்துத்தான். 'அவன் கசாப்புக்காரன், அவனுக்கு மனசே கிடையாது' என்று சொல்லிக்கொண்டே அவரிடம்தான் முக்கால் கிலோ வாங்குகிறோம்.

இந்த மனப்பான்மை அரசாங்கத்துக்கும் வந்ததுண்டு. 1950-லிருந்தே தமிழ்நாட்டில் கோயில்களில் ஆடு, கோழி பலி கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. 2003 ஆகஸ்டில் அதைத் தட்டி எழுப்பினார்கள். முனியப்பன் கோயிலில் சேவல் அறுத்தால் கேஸ். அதே தெருவில் பிராய்லர் கடையில் அறுத்தால் வியாபாரம். ஊர் கூடி, கண்ணால் பார்த்து, பொங்கல் வைத்துப் பகிர்ந்து தின்பது அநாகரிகம். டிரம்முக்குள் நடந்தால் நாகரிகம். கிராமங்களில் எழுந்த எதிர்ப்பில் 2004-ல் சட்டமே வாபஸ் ஆனது. பலிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அங்கே நடக்கிற கொடுமையும் எனக்குத் தெரியும். தடை செய்ய நினைத்தது கொலையையா, பார்வையையா என்பதுதான் என் கேள்வி.

சரி, லட்டு. சத்துவாச்சாரி சகோதரிக்கு என்னால் ஆன பதில் இது.

முதலில், பையனிடம் பொய் சொல்லாதீர்கள். அவன் ஸ்கூலுக்குப் போன நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டு, 'லட்டு பறந்து போயிடுச்சுடா' என்று சொல்லி, ராத்திரி அவன் தட்டிலேயே லெக் பீஸ் வைக்கிற வேலை பல வீடுகளில் நடக்கிறது. பத்து வருஷம் கழித்து அவனுக்குத் தெரியவரும். கோழியை மன்னிப்பான், உங்களை மன்னிக்க மாட்டான்.

அறுக்கத்தான் வேண்டும் என்று உங்கள் கணவர் முடிவு செய்தால், அவர் கையாலேயே செய்யட்டும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் 'க்ளீன் பண்ணிக் குடுங்க' என்பது வேண்டாம். முந்தின நாள் சாயந்திரம் கூடையில் கவிழ்க்கட்டும். நல்ல கத்தியாக இருக்கட்டும். வாயில் தண்ணீர் விடட்டும். நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் கையில் இருந்தால்தான் அடித்துக்கொள்ளாது. அதற்கப்புறமும் குழம்பு இறங்கினால் சாப்பிடுங்கள். பையனுக்கு இறங்காவிட்டால் ரசம் ஊற்றுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து 'ஒரு பீஸ் டேஸ்ட் பண்ணுடா' என்று கொஞ்சாதீர்கள்.

முடியாது என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். நாட்டுக்கோழி நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் மூணு நாலு வருஷம் இருக்கும். ஒரு நாளைக்கு நூறு கிராம் தீனி, கொஞ்சம் காய்கறித் தோல், மீந்துபோன சோறு. பெரிய செலவு இல்லை. ஆனால் லட்டுவை விட்டுவிட்ட கையோடு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள் உங்கள் கணவரை. ரோட்டுப் பக்கம் திரும்பாமல், கடையைப் பார்த்து இரண்டு பேரும் நிற்கட்டும். 'அப்பா, இதுக்குப் பேர் என்ன?' என்று அவன் கட்டாயம் கேட்பான். அதற்கு என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.